விளக்கு என்னைக்கு அணைஞ்சது?

(தலைப்பு: எழுத்துக்குப் பெருமை சேர்ப்பது எளிமையா, அலங்காரமா?)



எனக்கு முன்னால பேசிய எதிரணித் தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு நகை மாதிரி எழுத்துக்கு அலங்காரம் வேணும்னார். போடுங்க, வேண்டாங்கல. முகமே தெரியாத அளவுக்குப் போட்டா, மாப்பிள்ளை யாருன்னு பார்த்துத் தாலி கட்டுவார்? (சிரிப்பு)

அந்தத் தப்பைப் பண்ணினவன் நான். எங்க தெருவுல ஒரு அக்கா. புருஷன் இறந்துட்டார். “மேடையிலல்லாம் பேசுறியே, உதவித்தொகைக்கு ஒரு மனு எழுதிக் குடு தம்பி”ன்னாங்க. விட்டேனா? “விதி என்னும் கொடுங்காற்று வீசி, என் இல்லறம் என்னும் விளக்கு அணைந்து...” முழுசா ரெண்டு பக்கம்! வாசிச்சுக் காட்டினேன். அக்கா அழுதுட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல.

மூணு மாசம் கழிச்சு மனு திரும்பி வந்தது. ஓரத்துல சிவப்பு மையில ரெண்டு கேள்வி. ‘கணவர் இறந்த தேதி என்ன? மனுதாரர் கோருவது என்ன?’ விளக்கு அணைஞ்சதைச் சொன்னேனே தவிர, என்னைக்கு அணைஞ்சதுன்னு சொல்லலையே! (கைதட்டல்) அந்த மூணு மாசமும் அவங்க திண்ணையில இட்லி வித்துத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாங்க. என் தமிழுக்கு அவங்க கட்டின அபராதம்ங்க அது!

காகிதத்துல எத்தனை சொல் எழுதினாலும் காசு கேட்கிறதில்ல. தந்தி கேட்டுச்சு. 2013 ஜூலையோட நம்ம நாட்டுல அது நின்னுபோச்சு. சொல்லைக் கூட்டினா காசு கூடும். அதனால எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எது முக்கியம்னு யோசிச்சார். ‘அம்மா கவலைக்கிடம். உடனே வா.’ யாராவது ‘அன்பே உருவான அன்னை’ன்னு தந்தி கொடுத்தாங்களா?

1912-ல பாஞ்சாலி சபதத்தை வெளியிட்ட பாரதி, காவியமே பொது ஜனங்களுக்குப் புரியணும்னு முன்னுரையில வற்புறுத்தினார். காவியத்துக்கே அப்படின்னா மனுவுக்கு?

மறுபடி உட்கார்ந்தேன். “அக்கா, நீங்களே சொல்லுங்க.” சொன்னாங்க: “இன்ன தேதியில வீட்டுக்காரர் இறந்துட்டார். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. வேற வருமானம் இல்ல. உதவித்தொகை வேணும்.” அதையே எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலைச் சேர்த்துக் கட்டினேன். அஞ்சே வரி. வாசிச்சேன். அழல. “இது புரியுது தம்பி”ன்னாங்க.

“அப்ப முதல் மனுவுக்கு ஏன் அழுதீங்க?”ன்னேன்.

“ஒண்ணும் புரியல தம்பி. நீ வாசிச்ச வாசிப்புல, எனக்குத் தெரியாம இன்னும் ஏதோ நடந்துடுச்சோன்னு பயந்துட்டேன்!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி மேல கை வைக்கிறார். உட்கார்ந்துடறேன்.