ஒப்பந்தத்தில் உங்களுக்கு ஒரு வரி



பேச்சு மொழிச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெறும் உங்களில் பலர், கோடை முடிந்ததும் அமெரிக்கப் பள்ளிகளில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். திக்கிப் பேசும் சிறுவனும் ஆட்டிசம் உள்ள சிறுமியும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். சிகிச்சை தரும் முறையை உங்கள் பேராசிரியர்கள் கற்றுத் தந்துவிட்டார்கள். அதைச் செய்வதற்கான நேரத்தை எப்படிப் பெறுவது என்று சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பொதுப்பள்ளியில் இலவசமாகத் தகுந்த கல்வி தர வேண்டும் என்று 1975-இல் இந்த நாடு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை நிமிடம் சிகிச்சை என்பது அதன் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதப்படுகிறது. ஆனால் ஒரு சிகிச்சையாளருக்கு எத்தனை குழந்தைகள் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. கலிஃபோர்னியா 55 என்கிறது. அதுவும் வட்டாரச் சராசரிதான். ஒருவருக்கு 40 பேர், அடுத்தவருக்கு 70 பேர் இருந்தாலும் கணக்கு சரியாகவே வரும்.

தலைகளை எண்ணினால் மட்டும் வேலை தெரிந்துவிடாது. மதிப்பீடு, அறிக்கை, பெற்றோர் கூட்டம், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான பில், பள்ளிக்குப் பள்ளி பயணம் என எல்லாம் உங்கள் தலையில்தான். ஆகவேதான் நம் தொழில்முறை அமைப்பான ஆஷா, எண்ணிக்கையை விட்டு மொத்த வேலைப்பளுவைக் கணக்கிடுங்கள் என்று 2002-இலேயே வழிகாட்டியது. ஆஷா சான்றிதழ் தரும், நெறி வகுக்கும்; உங்கள் பள்ளி மாவட்டத்தோடு பேரம் பேச அதற்கு இடமில்லை. மாவட்டத்தைக் கட்டுப்படுத்துவது கையெழுத்தான ஒப்பந்தம். எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திடுவது உள்ளூர் ஆசிரியர் சங்கம்.

அந்தச் சங்கத்தில் நாம் ஒரு கைப்பிடிதான். மற்றவர்கள் பெரும்பாலும் வகுப்பாசிரியர்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற கவலை அவர்களுக்குத் தெரியும். நம் வேலை தெரியாது. நாம் போய்ச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் நமக்கென ஒரு வரிகூட இருக்காது.

சொன்னால் நடக்கும். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் 6 பள்ளி நாட்களும், அக்டோபரில் சிகாகோவில் 11 பள்ளி நாட்களும் ஆசிரியர் சங்கங்களின் வேலைநிறுத்தம் நடந்தது. பள்ளிதோறும் செவிலியர் வேண்டும் என்ற கோரிக்கை இரண்டு ஒப்பந்தங்களிலும் இடம்பெற்றது. சிகாகோவில் சமூகப் பணியாளரும் சேர்க்கப்பட்டார். வகுப்பெடுக்காதவர்களுக்காகவும் சங்கம் போராடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சேவைக்கு வந்தவருக்குச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 30 நிமிடத்தில் ஆறு பேரை உட்காரவைத்தால் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது 5 நிமிடம். திக்கும் பிள்ளை வாய் திறப்பதற்குள் அது கரைந்துவிடும். ஒரு சிகிச்சையாளருக்கு இத்தனை குழந்தைகள்தான் என்று நீங்கள் கேட்கும் வரம்பு, அந்தப் பிள்ளைக்கான நேரம்.

2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அரசு ஊழியர் எவரும் சங்கத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. சேருவது உங்கள் விருப்பம். வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்களுடன் கூட்டுப் பேர ஒப்பந்தம் போடவே சட்டத்தில் இடமில்லை. அங்கேயும் கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம்.

வேலையில் சேரும் முதல் வாரத்தில் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பதவியின் பெயர் அதில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒரு மாத வேலையை மணிக்கணக்கில் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தைக்கு முன் சங்கம் கருத்துக் கேட்டால் அதை முன்வையுங்கள். உளவியலாளர், செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரோடு சேர்ந்து நில்லுங்கள். பள்ளிப் பிரதிநிதியாகுங்கள், பேரக்குழுவில் ஓர் இடம் கேளுங்கள்.

குழந்தைகளைப் பேசவைக்கும் படிப்பைப் படித்தவர்கள் நீங்கள். அவர்களுக்காக நீங்களும் பேசுங்கள்.