தீக்கு இடமளிக்காத முற்றம்





மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தோருடன் எரிந்துபோனது. செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை என உணர்த்தி, உறங்குமுன் அதனை அணைத்துவிடுமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவம், வருமுன் காப்பதும் மார்க்கத்தின் ஒரு பகுதியே என்பதைக் கற்றுத் தருகின்றது.

2018 நவம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பரடைஸ் என்னும் ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பழைய மின்கம்பித் தொடரில் தேய்ந்திருந்த ஒரு கொக்கி அறுந்ததே அதன் தொடக்கம். 85 பேர் உயிரிழந்தனர். 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. காட்டுத்தீயில் எரியும் வீடுகளில் பெரும்பாலானவற்றைப் பற்றவைப்பது மதில்போல் எழும் பெருஞ்சுவாலை அன்று. காற்றில் பறந்துவரும் சிறு தணல்களே. தணல் விழுவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அது விழும் இடத்தில் சருகு இருக்குமா, வெறும் மண் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாமே.

நமது ஊவா மலைச்சரிவுகளிலும் வறட்சிக் காலத்தில் மானாப்புல் பற்றி எரிவதைக் காண்கின்றோம். அங்கு வாழ்வோரே, கூரையிலும் பீலியிலும் தேங்கிய சருகுகளை அகற்றுங்கள். சுவரிலிருந்து 5 அடிக்குள் விறகு, சாக்கு, காய்ந்த செடி எதையும் வைக்காதீர்கள். 30 அடிவரை புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். எனவே வீட்டின் கீழ்ப்பக்கச் சரிவில் இன்னும் அதிக தூரம் துப்புரவு செய்யுங்கள். கூரையின் கீழுள்ள காற்றுத் துவாரங்களுக்கு நுண்ணிய கம்பிவலை அடியுங்கள். காற்று வீசும் நாளில் குப்பையை எரிக்காதீர்கள்.

இளைஞர்களே! நம் நாட்டின் காட்டுத்தீக்களில் பெரும்பாலானவை மனிதரின் கையால் மூட்டப்படுபவை. விளையாட்டாக உரசிய ஒரு தீக்குச்சி, நீங்கள் ஒருபோதும் கண்டிராத ஒரு குடும்பத்தின் கூரையை எரித்துவிடலாம். அதற்கான கேள்விக்கு நாளை மறுமையில் என்ன பதில் சொல்வீர்கள்?

பெற்றோர்களே! காணி உறுதி, அடையாள அட்டை, மருந்து ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். வெளியேற இரு பாதைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். தீயணைப்புப் பிரிவின் 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களை அவர்கள் மனனமிடட்டும். வெளியேறச் சொன்னால் பொருளுக்காகத் தாமதியாதீர்கள்.

பரடைஸில் இறந்தோரில் பெரும்பாலானோர் முதியவர்கள். உங்கள் அயலில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் இருக்கின்றாரா? அவர் எம்மதத்தவராயினும், அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பை இன்றே ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். அயலவரின் உரிமை அது.

தவக்குல் என்பது சருகைக் கூட்டாமல் துஆச் செய்வதன்று. முற்றத்தைக் கூட்டிவிட்டுக் கையேந்துவோம். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அயலவரின் இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.