கணிப்பொறியின் முன் அமர்பவர் யார்?

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறி நிறுவனங்கள் உலகெங்கும் கல்விக்குச் செய்துவரும் உதவிகளைக் குறித்துப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். அனுப்பம்பட்டில் நின்றுகொண்டு உலகத்தைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அடுத்துவந்த ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணாக்கர் கைகளை அடைந்தன.

அவை நிறுவனங்களின் கொடையல்ல. மக்கள் வரிப்பணத்தில் அரசு வாங்கியது, நிறுவனங்கள் விற்றன. உண்மையிலேயே இலவசமாகத் தருபவையும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான ஆசிரியர்களை எட்டியது. கூகுள் நிறுவனம் 2014இல் தன் வகுப்பறை மென்பொருளைப் பள்ளிகளுக்குக் கட்டணமின்றி வழங்கியது. இவற்றில் வணிகமே இல்லையென நாம் கருதவில்லை. பள்ளியில் பழகிய பொருளையே பிள்ளை நாளை அலுவலகத்திலும் கேட்பான். வலைக்கு முன்பணம் தந்த வியாபாரியிடமே மீனைப் போடவேண்டியுள்ள ஏரிக்கரை மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அதற்காக யாரும் வலையை வேண்டாமென்று சொல்வதுமில்லை.

எனினும் பொருள் வந்தவுடன் கல்வி வந்துவிடுவதில்லை. தென்னமெரிக்காவின் பெரு நாடு பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் சிறு கணினிகளை வழங்கிற்று. கணிதத்திலும் மொழியிலும் அவர்களது தேர்ச்சி அதனால் உயரவில்லையென 2012இல் வெளிவந்த ஆய்வு கண்டது. நம்மிடமும் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குச் சென்றது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியோ தந்தையுடன் விடியுமுன் ஏரிக்குச் சென்றது! 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, படித்த இளைஞர்களும் பெண்களும் தெருவிலேயே பாய் விரித்து அமர்ந்த பின்னரே பல பிள்ளைகள் மீண்டும் புத்தகத்தைத் தொட்டனர்.

நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. முன்பு நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒரு கணிப்பொறிக்கு நான்கு பிள்ளைகள். துணிச்சல்காரன் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வான். நம் தெருப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பின்னால் கைகட்டி நிற்பார்கள். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. முன்னே அமரலாமென்று எவரும் சொல்லவுமில்லை. அங்கேயே இருந்த நாமும் ஒரு பருவம் முழுவதும் அதைக் கவனிக்கத் தவறினோம். பின்னர் ஒரு குறிப்பேடு வைத்து, இன்று அமர்ந்தவர் யாரென எழுதலானோம். முதல் மாதத்தில் ஒருமுறைகூடப் பெயர் வராத பிள்ளைகள் ஐவர், ஐவரும் நம்மவர். அதன்பின் முறைவைத்து அமர்த்தினோம். அந்த ஐவரில் ஒருத்திதான் தமிழில் தட்டச்சு செய்ய நமக்கே கற்றுத்தந்தாள். ஐம்பது வயதுக்குமேல் விரல்கள் அத்தனை எளிதில் வளைவதில்லை.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பழுதாகி வீட்டுப் பரணில் கிடக்கும் மடிக்கணினிகளைக் கொண்டுவந்து தாருங்கள். பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியை நாமும் ஏற்கிறோம். சென்னையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் காலை இரயிலில் வந்து இரண்டு மணிநேரம் சொல்லித்தர வேண்டும். சங்கக் கட்டடத்தின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. குறிப்பேட்டை நாம் வாங்கி வைத்துவிட்டோம்.