குண்டூசி சொன்ன சாட்சி



துப்பறியும் கதை என்றால் திருடன் யார் என்பதைக் கடைசி அத்தியாயம்வரை ஒளித்துவைப்பார்கள். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929இல் சிறுவர்களுக்காக எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலில் அந்த ஒளிவுமறைவு கிடையாது. ரயில் பெட்டியில் சாக்லேட் கொடுத்துப் பேச்சுக்கொடுக்கும் தொப்பிக்காரர் குருண்டைஸ்தான் திருடன் என்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரு சின்னப் பையன் சொன்னால் ஊர் நம்புமா என்ற கேள்விதான் கதையை இழுத்துச் செல்கிறது.

எமில் என்ற அந்தப் பையனின் அப்பா இறந்துவிட்டார். அம்மா வீட்டிலேயே பெண்களுக்குத் தலைவாரி, சிகையலங்காரம் செய்து பிழைக்கிறார். பெர்லினில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்க 120 மார்க்கும், எமிலின் செலவுக்கு 20 மார்க்கும் தந்து ரயிலேற்றுகிறார். அந்தப் பணம் எத்தனை நாள் உழைப்பு என்று பையனுக்குத் தெரியும். அதனால் பணம் இருந்த உறையைக் கோட்டின் உட்பையில் குண்டூசியால் குத்திவைக்கிறான். கண்ணயர்ந்த நேரத்தில் பணம் போய்விடுகிறது.

போலீசிடம் ஓடவும் வழியில்லை. சொந்த ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்தவன் அவன். தன்னையே பிடித்துவிடுவார்களோ என்று பயம். தான் குற்றவாளி என்று நினைக்கும் பையன் பெரிய குற்றவாளியைத் துரத்துகிறான். குழந்தை மனத்தைக் கேஸ்ட்னர் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறார் என்பதற்கு இந்த ஓரிடமே போதும்.

பெர்லின் தெருவில் ஹாரனோடு வரும் குஸ்தாவ் அவனுக்குத் துணையாகிறான். 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர் கொண்ட பையனும் பெரிய பட்டாளமும் சேர்கிறார்கள். திருடனிடமிருந்து பணத்தைத் திருடிவிடலாமா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வருகிறது. யாருடையதானாலும் தெரியாமல் எடுத்தால் திருட்டுதான் என்கிறான் பேராசிரியர். நீதிபோதனை செய்வதற்கென்று கதை இங்கே நின்றுவிடவில்லை; அடுத்து என்ன செய்வது என்ற அவசரத்துக்குள்ளேயே நியாயமும் பேசப்படுகிறது. மறுநாள் காலை பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, ஒளியாமல் மறையாமல், குருண்டைஸின் பின்னாலேயே நடக்கிறார்கள். பட்டப்பகலில் அத்தனை கண்கள் பார்ப்பதுதான் அவர்களுடைய ஆயுதம்.

வங்கியில் குருண்டைஸ் நோட்டுகளை மாற்றப் போகும்போது வழக்கு முடிகிறது. அந்த நோட்டுகளில் குண்டூசி குத்திய துளை இருக்கும் என்கிறான் எமில். காசாளர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், துளை இருக்கிறது. அம்மாவின் உழைப்பு வீணாகக் கூடாதென்று மகன் குத்திய ஊசியே சாட்சி சொல்கிறது. கேஸ்ட்னரின் அம்மாவும் டிரெஸ்டனில் சிகையலங்காரம் செய்து மகனைப் படிக்கவைத்தவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவன் டீன்ஸ்டாக் என்ற குட்டிப்பையன். எல்லோரும் துரத்தலில் இருக்க, இவன் வீட்டில் டெலிபோன் பக்கத்தில் காவல் இருக்கிறான். வேடிக்கை எதையும் பார்க்கவில்லை. முடிவில் பாட்டி புகழ்வது அவனைத்தான்.

குறையும் உண்டு. சைக்கிளில் பறக்கும் போனி என்ற சிறுமி கூர்மையானவள். ஆனால் அவளுக்குக் கிடைப்பது காபியும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுக்கும் வேலை. துப்பறிதல் பையன்களோடு நின்றுவிடுகிறது. அந்தக் காலத்தின் பார்வை அது. இன்று படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.

1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் கேஸ்ட்னரின் புத்தகங்களை எரித்தபோது அவர் கூட்டத்தில் நின்று பார்த்தார். எமில் மட்டும் அந்தத் தீக்குத் தப்பியது. எளியவன் சொல்லையும் ஆதாரம் பார்த்து நம்ப வேண்டும் என்று சொன்ன புத்தகம் அது.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், எமிலின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.