களைக்கு வீட்டு மருந்து பலிக்குமா?

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



கொல்லையிலும் காய்கறித் தோட்டத்திலும் களை மண்டும்போது காடி, கொதிநீர், உப்பு ஆகியவற்றுள் ஒன்றைப் பிரயோகித்தால் போதுமென்று பலர் கருதுகின்றனர். அதிகச் செலவில்லாத இம்முறைகள் மெய்யாகவே பலன் தருமா என்பதை ஆராய்வது நன்று.

முதலாவது, வினிகர் என்னும் காடி. வீட்டு உபயோகத்துக்கான காடியில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கே அசெட்டிக் அமிலம் உண்டு. வெயிலில் தெளித்தால் இலை விரைவில் கருகும். முளைத்துச் சில நாட்களேயான இளங்களை மடியும். ஆனால் அறுகும் கோரையும் மடிவதில்லை. அறுகின் உயிர்நிலை மண்ணுக்குள் ஓடும் தண்டு. கோரையின் உயிர்நிலை கிழங்கு. இலை போனாலும் அவற்றினின்று மறுபடியும் துளிர் கிளம்பும். அமிலத்தின் வீரியத்தைக் கூட்டினாலோ, தெளிப்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு நேரும்.

இரண்டாவது, கொதிநீர். மண்ணில் ஆழ இறங்குமுன் அது ஆறிவிடும். கல்லிடுக்கில் முளைக்கும் சிறு செடிகளுக்கு ஏற்றது. பாத்தியில் ஊற்றினால் பயிரின் வேரும் மண்புழுவும் வெந்துபோகும்.

மூன்றாவதான உப்பே இவற்றுள் அதிக அபாயமானது. 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவிய பார்த்தீனியச் செடியை அழிக்க, லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்பைக் கரைத்துத் தெளிக்குமாறு வேளாண்மை நிபுணர்கள் கூறுவதுண்டு. எனினும் அது பயிரிடாத நிலத்துக்கு மட்டுமே உரிய யோசனை. 10 லிட்டர் தெளித்தால் 2 கிலோ உப்பு மண்ணில் சேரும். காடி மண்ணில் சிதைந்துவிடும், உப்போ சிதைவதில்லை. அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுகச் செய்து, நீர் இறங்கவொட்டாமல் தடுக்கும். களை போன இடத்தில் அவரையும் முளைக்காது.

ஆகையால், ஈரமிருக்கும்போதே களைக்கொட்டால் கொத்துவதும், பூக்குமுன் வேருடன் பிடுங்குவதும், வெற்றிடத்தில் சருகையோ வைக்கோலையோ கனமாகப் பரப்பி மூடாக்கிடுவதுமே சிறந்த வழிகள். கோரை மூடாக்கையும் துளைத்து வருமாதலால், அதைக் கிழங்கோடு அகழ்ந்தெடுத்து, துளிர்க்குந்தோறும் மறுபடி அகழவேண்டும். பார்த்தீனியம் ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதை ஈனும். தொட்டால் சிலருக்குச் சொறி உண்டாகும். எனவே கையுறை அணிந்து, பூக்குமுன்னரே அதைப் பிடுங்குக.

உப்பை அடுக்களையிலேயே வைத்துவிட்டுக் களைக்கொட்டைக் கையிலெடுக்கும் குடும்பத்துக்கு, அடுத்த பருவத்திலும் அதே பாத்தி காய் கொடுக்கும்.