காலி நாற்காலியும் நற்சான்றிதழும்



ஏப்ரல் 21-ஆம் தேதியை இந்திய அரசு குடிமைப் பணிகள் நாளாகக் கொண்டாடுகிறது. 1947-ல் அதே தேதியில், சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தபோது, டெல்லி மெட்காஃப் மாளிகையில் இந்திய ஆட்சிப் பணியின் முதல் அணிப் பயிற்சியாளர்கள் முன்னால் சர்தார் வல்லபபாய் படேல் பேசினார். அந்த உரையின் நினைவாக 2006 முதல் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. மாவட்டங்களைச் சிறப்பாக நடத்திய ஆட்சியர்களுக்கு விருதுகள் கிடைக்கின்றன. நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையில் ஒருபோதும் ஏறாதவர்களைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். வட்டாட்சியர் அலுவலக இளநிலை உதவியாளர், துணை சுகாதார நிலையத்துச் செவிலியர், சத்துணவு அமைப்பாளர், கிராம உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர். கோட்டையில் கையெழுத்தாகும் எந்தத் திட்டமும் இவர்கள் கை வழியாகத்தான் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது.

இவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரில் வி.ஏ.ஓ. என்று அழைக்கிறோமே, அவர்.

பிள்ளை கல்லூரியில் சேர வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று கேட்கிறார்கள். இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு வருகிறோம். அந்த விண்ணப்பம் முதலில் போய் நிற்பது கிராம நிர்வாக அலுவலரிடம். அவர் விசாரித்து எழுதிய பிறகே வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே ஏறும். புயலில் கூரை பறந்தால், மழையில் சுவர் இடிந்தால், இடி விழுந்து மாடு செத்தால், நிவாரணத்துக்கான முதல் அறிக்கை அவருடையது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று அடங்கலில் பதிபவரும் அவரே. அந்த அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க முடியாது, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும் முடியாது. ஏரிப் புறம்போக்கில் யாராவது வேலி போட்டால் முதலில் தடுக்க வேண்டியவர் அவர். முதியோர் உதவித்தொகை விசாரணை, வாரிசுச் சான்று விசாரணை, தேர்தல் வேலை, வெள்ள எச்சரிக்கை எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. ஜூலை முதல் தேதி புதுப் பசலி ஆண்டு பிறப்பதற்கு முன், ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயத்தில் கிராமக் கணக்குகள் அத்தனையையும் மேசைமேல் அடுக்கிப் பதில் சொல்லியாக வேண்டும்.

இத்தனையும் ஒரு கிராமத்துக்கு. பக்கத்துக் கிராமத்தில் பணியிடம் காலி என்றால் அதையும் இவரே கூடுதல் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். உதவித்தொகைக்காக வெயிலில் நடந்து வரும் மூதாட்டிக்குப் பூட்டிய கதவுதான் தெரியும். ஆள் எங்கோ சுற்றப் போய்விட்டார் என்று நாமும் சேர்ந்து பேசுவோம். அதே நேரத்தில் அவர் அடுத்த ஊரில், அங்கே காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கக்கூடும். ஒருவருக்கு இரண்டு ஊர் என்றால் இரண்டு ஊருக்கும் அரை ஆள்தான். அரை ஆளிடம் முழு வேலையை எதிர்பார்த்துவிட்டு, அது நடக்காதபோது அரசு ஊழியரே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தப் பதவிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் கிராமக் கணக்கு, ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் வீட்டில் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன் என்று அந்தப் பதவியும் அதே குடும்பத்தில் தொடர்ந்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க அந்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் வாசலில் நின்று கேட்க வேண்டும். பிறப்பை வைத்துக் கிராமப் பதவி தருவது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று ஆந்திர வழக்கு ஒன்றில் 1961-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரி பதவிகள் மொத்தமாக ஒழிக்கப்பட்டன. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அந்த ஒழிப்பு செல்லும் என்று முடிந்தது. அதன் பிறகுதான் எந்தச் சாதியில் பிறந்தவரும், பெண்களும், தேர்வு எழுதி வென்று அந்தக் கணக்கைக் கையில் எடுக்க முடிந்தது. கிராமத்துத் தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். இதற்கு ஒரு நினைவு நாள்கூட இல்லை.

தேர்வு என்றேன். அதில் நாம் பெருமைப்படலாம். அரசுப் பணிக்கு ஆள் எடுக்க ஒரு மாகாணம் தனக்கென்று ஆணையம் அமைத்தது இந்தியாவிலேயே முதலில் சென்னை மாகாணத்தில்தான். ஆண்டு 1929. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளை, ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கி, ஒரு நாள் அரசு நாற்காலியில் உட்காருகிறது என்றால் அதற்கு வழி இந்த ஆணையம்தான்.

ஆனால் அந்த வழி எவ்வளவு நெரிசலானது பாருங்கள். வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் போன்ற பணியிடங்களுக்காக 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வை எழுத வரிசையில் நின்றவர்களில் பொறியியல் படித்தவர்களும் உண்டு, முதுகலை முடித்தவர்களும் உண்டு. முடிவு வந்தது 2023 மார்ச்சில். அதற்குள் இடங்களின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் மேலே உயர்த்தப்பட்டது. அலுவலகங்களில் அவ்வளவு காலியிடம் சேர்ந்து கிடந்தது, வெளியே அத்தனை லட்சம் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். நடுவில் இருந்தது தாமதம் ஒன்றுதான். எந்த மாதம் யார் ஓய்வு பெறுவார் என்பது பணியில் சேரும் நாளிலேயே பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே, ஓய்வு பெறுகிறவர் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாளில் அடுத்தவர் அந்த இருக்கைக்குத் தயாராக இருக்கும்படி தேர்வுகளைத் திட்டமிட முடியும். செய்யவும் வேண்டும்.

தேர்வின் நேர்மையும் அதே அளவு முக்கியம். 2019 குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு உங்களுக்கு நினைவிருக்கும். எழுதிய சில மணி நேரத்தில் மறையும் மை வரை போனது விவகாரம். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பிள்ளைகளுக்கு அதனால் ஏற்பட்ட காயம் சிறியதல்ல.

செவிலியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் நர்ஸம்மா என்போம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பம் உறுதியானதும் பெயரைப் பதிந்து பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் வாங்கித் தருவது, இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டாயா என்று வீடு தேடி வந்து கேட்பது, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளை நினைவுபடுத்துவது எல்லாம் அவர் வேலை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை தமிழ்நாட்டில் 13, நாடு முழுவதற்குமான சராசரி 28. பெரிய மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முன்பே கர்ப்பிணிப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவைத்தவரின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. அந்த நர்ஸம்மாவின் பணியிடம் காலியானால் மறுநாளே யாரும் சாகப்போவதில்லை. அதனால்தான் அந்தக் காலியிடம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. விளைவு ஓராண்டு கழித்துத் தெரியும்.

காலியிடத்தை நிரப்பாமல் சமாளிக்க இன்னொரு வழியும் வந்திருக்கிறது. தொகுப்பூதியம், ஒப்பந்தம், மதிப்பூதியம், அவுட்சோர்சிங். பெயர் பலவாக இருந்தாலும், ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு முழுச் சம்பளமும் விடுப்பும் உண்டு, இன்னொருவருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே தெரியாது. 1982-ல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெண்கள், முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்னும் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. கொரோனா பேரிடர்க் காலத்தில் இவர்களை முன்களப் பணியாளர்கள் என்று கைதட்டிப் பாராட்டினோம். அந்தக் கைதட்டலை ஊதியச் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டிய கடமை நமக்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது ஒரு துயரமான செய்தி. 2023 ஏப்ரல் 25. அந்த ஆண்டின் குடிமைப் பணிகள் நாள் முடிந்து நான்காம் நாள். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், பட்டப்பகலில், தம் அலுவலகத்தில் இருந்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைப் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்திருந்தவர் அவர். அரசு அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி விரைவாக வந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆற்றங்கரைக் கிராமங்களில் அதே வேலையைச் செய்யும் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, துணைக்கு ஒரு கிராம உதவியாளர். சட்டப்படி நடந்தால் தன்னைக் காப்பாற்ற யார் வருவார் என்ற கேள்விக்கு அவர்களிடம் நம்பிக்கையான பதில் இருக்க வேண்டும். புகார் கொடுத்த அலுவலரின் பெயர் வெளியே கசியக் கூடாது. மிரட்டல் என்று அவர் சொன்ன அன்றே காவலர் போய் நிற்க வேண்டும். அங்கீகாரம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தப் பாதுகாப்புதான்.

லஞ்சத்தைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடித்தால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டியதில்லை. பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டார் என்று ரசாயனம் தடவிய நோட்டுகளுடன் பிடிபடுகிறவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. ஏழையிடம் கை நீட்டுகிறவர்மேல் வரும் கோபம் முழுக்க நியாயமானது. அந்தக் கோபத்தில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். பக்கத்து மேசையில் காசு வாங்காமல் வேலை செய்கிறவர். அவருக்கும் அதே கெட்ட பெயர். சில இடங்களில் அவருக்கு ஏச்சும் கேலியும் இடமாறுதலும் கூடுதலாகக் கிடைக்கின்றன. விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அபராதம் என்று மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் அது வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காலக்கெடு வைக்கும் சட்டமும் காலியிடத்தை நிரப்பும் ஆணையும் சேர்ந்தே வர வேண்டும். இரண்டு ஊர் பார்க்கிறவருக்கு அபராதம் மட்டும் போட்டால் நேர்மையானவர்தான் முதலில் நொந்துபோவார்.

பயிற்சிக்கு வருகிறேன். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரிலும் நில அளவர்களுக்கு ஒரத்தநாட்டிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு. பவானிசாகர் போய்வந்தாயா என்பது அலுவலகங்களில் சகஜமான கேள்வி. தொடக்கத்தில் அந்தச் சில வாரங்கள், பிறகு பதவி உயர்வுக்காக எழுதும் துறைத் தேர்வுகள். அதோடு சரி. முப்பது ஆண்டு பணியில் சட்டங்கள் மாறுகின்றன, மென்பொருள்கள் மாறுகின்றன, மக்களின் கேள்விகளும் மாறுகின்றன. ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி உட்கார்ந்து கற்க நேரம் தர வேண்டும். அப்போதும் அவர் நாற்காலியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் பேச்சு மீண்டும் காலியிடத்திலேயே வந்து நிற்கிறது.

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அன்று ஊரின் தூய்மைப் பணியாளருக்கும் மேல்நிலைத் தொட்டியை இயக்குகிறவருக்கும் ஒரு துண்டு போர்த்தி மரியாதை செய்யுங்கள். அதே கூட்டத்தில் ஒரு தீர்மானமும் கொண்டுவாருங்கள். நம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறாரா? வி.ஏ.ஓ. முழுநேரமா, கூடுதல் பொறுப்பா? பள்ளிச் சத்துணவில் சமையலர் இடம் எத்தனை மாதமாகக் காலி? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த ரசீதைக் காட்டி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.