வாடகைக்கு எழுத்து எங்கே?



1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் பார்த்த ஊர் நம் கோவை. அதற்குப் பின் வீடு தேடிப்போன நம் இளைஞர்கள், பெயரைச் சொன்னதுமே "இப்பத்தான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்ற பதிலோடு திரும்பிய கதைகள் எத்தனை! மதம் பார்த்து வீடு மறுப்பதை நம் மாநில வாடகைச் சட்டமும் தடுக்கவில்லை. அதைக் கேட்டுப் போராடத்தான் வேண்டும்.

ஆனால், வேறு வழியின்றிக் கோட்டைமேட்டுக்கும் கரும்புக்கடைக்கும் வந்து சேர்பவனிடம் நம் வீட்டுக்காரர்கள் எப்படி நடக்கிறார்கள்? பத்து மாத அட்வான்ஸ்! ரசீது கிடையாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று பிடித்தம் வேறு.

ஒருமுறை இப்படியொரு வழக்கு என்னிடம் வந்தது. கொடுத்தது ஐம்பதாயிரம் என்கிறார் ஒருவர். வாங்கியது முப்பது என்கிறார் மற்றவர். இருவரும் முன்வரிசைத் தொழுகையாளிகள். இருவருமே சத்தியம் செய்யத் தயார்! காகிதம் மட்டும் இல்லை. நான் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வேன்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அதை ஓதுகிறோம், வாடகை பேசும்போது மறந்துவிடுகிறோம்.

வியாபாரிகளே, இதைக் கவனியுங்கள். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சட்டம். நியாய வாடகை நிர்ணயம் என்று பழைய சட்டம் தந்த பிடிமானம் இனி இல்லை, எழுதிக்கொண்டதுதான் வாடகை. அதைப் பதிவும் செய்ய வேண்டும். வாடகை அதிகாரி துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாதவர். "நாற்பது வருஷமா இருக்கேன், முதலாளி அண்ணன் மாதிரி" என்று பெரிய கடைவீதியில் பேசலாம். அண்ணன் மவுத்தானால் மகன் வருவான். ஒப்பந்தம் எழுதத் தவறியதே காலி செய்யக் கோர ஒரு காரணம் என்கிறது சட்டம்!

வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. அந்த 'வேறுவிதமாக' எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போக முன்பணம் திரும்ப வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி யாரையும் வெளியேற்ற முடியாது. அதற்கு வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

வீட்டுக்காரச் சகோதரர்களே! உங்கள் வீட்டில் இன்று குடியிருப்பவரிடம் கையெழுத்திட்ட காகிதம் இருக்கிறதா?